இரண்டு கொப்பிகள்

செவ்வாய் வயிற்று கிளினிக்.
வெள்ளி நரம்பு கிளினிக்.
இரண்டு அறைக்கும் மொழிபெயர்ப்பவன் நான்தான்,
வேலைக்கடிதத்தில் அது இல்லை.
அதில் இருப்பது
தள்ளுவண்டி, மூத்திரப் போத்தல், பிண அறைச் சாவி.

மாசி மாதச் செவ்வாயொன்றில் ஞானசௌந்தரி
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"வயித்தால போகுதுங்க."
எத்தனை தரம் என்றார் டொக்டரம்மா.
அவள் மலையை எண்ணினாள்.
ஏழாம் நம்பரில் இரண்டு,
கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் ஒன்று,
விடியுமுன் லயத்துக்குப் பின்னால்
அது கணக்கில்லை.
"படயனவா" என்றேன்.
சிங்களத்திலும் வயிறு போகத்தான் செய்கிறது.
எங்கே என்று
இரண்டு மொழியும் சொல்வதில்லை.

மலம் மிதக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.
தேயிலைத் தூருக்கடியில் எது மிதக்கும்?
அவளிடம் கேட்காமலே
தெரியாதாம் என்று சொல்லிவிட்டேன்.
அந்த வெட்கம் அவளுடையது என்றுதான்
அன்றைக்கு நினைத்திருந்தேன்.
பூச்சி மாத்திரை, நான்கு ஜீவனி பைக்கற்,
நீலக் கொப்பியில் ஒரு கையெழுத்து.

ஆடி மாத மழையில் வெள்ளிக்கிழமை வந்தாள்.
வேறு டொக்டர். வேறு கொப்பி, மட்டை பச்சை.
மடியில் கிடந்த கை
தூங்கும் பூனைபோல அசையாமல் இருந்தது.
"என் விரலைத் தொடு. உன் மூக்கைத் தொடு."
தொடப் போன விரல்
பாதி வழிவரை ஒழுங்காகப் போய்
மூக்கு கிட்டக் கிட்ட உதறி
கன்னத்தில் குத்தியது.
"அரும்புக்கும் இப்பிடித்தாங்க.
கிட்டப் போனாத்தான் ஆடுது."
பதினெட்டுக் கிலோ பதினொன்றாகி
அரைப்பேராகி,
குடிக்கிறாள் என்று கங்காணி சொல்லி,
மாரியம்மன் கயிறு மூன்று, மணிக்கட்டில்.

கழுத்தைத் தடவினார். தண்ணீர் விழுங்கச் சொன்னார்.
தைரொயிட் ரிப்போட் சரியாகவே இருந்தது.
சீமெந்துத் தரையில் நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்,
அவளோ முதுகில் கூடையோடு
வழுக்குச் சரிவில் இறங்குபவள்போல நடந்தாள்.
சிறுமூளை என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கிளினிக் முடிகிற நேரம்.

"சேர், இவருக்கு வயிறும் போகிறது."

யாரும் சொல்லாததை
மொழிபெயர்த்தது அதுதான் முதல்தடவை.
பேனை நின்றது.
சிலிங் பைக்குள்ளிருந்து நீலக் கொப்பி வந்தது.
பச்சையும் நீலமும் ஒரே மேசையில்:
நாற்பத்தேழு கிலோ, நாற்பத்திநாலு, முப்பத்தொன்பது.
இரத்தம் குறைவு, இரத்தம் குறைவு.

"என்ன சாப்பிடுகிறாய்?"
"ரொட்டி. மலைக்கும் ரொட்டி.
ராவைக்குச் சில நாள் சோறு."
"என்ன மாவில்?"
தண்ணீர் எதில் செய்தது என்று கேட்டதுபோல
என்னைப் பார்த்தாள்.
எங்கள் பக்கம் மா என்றால் கோதுமை மா.

இரத்தம் கொழும்புக்குப் போனது. ஏழு வாரம்.
பிறகு கண்டியில், தொண்டை வழியாக
விளக்குவைத்த குழாய்.
குடலின் உட்தளிர்கள் மழுங்கிவிட்டன,
அதனால் சத்து ஏறவில்லை, அதுவே மூளையையும் தொட்டிருக்கலாம்
என்று சேர் படம் வரைந்தார்.
என்னிடம் அதற்கு வார்த்தை இல்லை.
"கவ்வாத்து வெட்டின மலை மாதிரி" என்றேன்.
உடனே கேட்டாள்:
"அப்ப திரும்பத் தளிர்க்குமா?"
குடல் தளிர்க்கும். கை, பார்க்கலாம்.
மா ஒத்துக்கொள்ளாத வியாதி என்றபோது சிரித்தாள்.
"கடனுக்கு வாங்கின மாதானே."

தையில் வந்தாள். நாற்பத்திமூன்று கிலோ.
லயத்துக்குப் பின்னால் போவது நின்றிருந்தது.
விரல் மூக்கின் ஓரத்தைத் தொட்டு நழுவியது.
நல்லது, நல்லது என்று சேர்
இரண்டு தரம் தமிழில் சொன்னார்.
அவள் என் பக்கம் சாய்ந்தாள்.
"அரிசிமா ரொட்டி படங்குல கட்டினா
மலை ஏறுறதுக்குள்ள தூளாப் போயிருதுங்க.
வெலயும் ரெண்டு பங்கு.
வாரத்துல ஒரு நாள் பழைய ரொட்டிதான்.
இதச் சொல்லிறாதீங்க."

என்ன சொல்கிறார் என்று கேட்டார் சேர்.
வாயைத் திறந்தேன்.